கணக்கில் வராத மூன்று கோர்கள்

முத்தலாங்குடியில் ஒரு வீட்டில் எத்தனை ஆண்பிள்ளைகள் பிறந்தாலும் ஒருவன்தான் பிறந்ததாகக் கணக்கு. மூத்தவனுக்குப் பெயர் உண்டு, கல்யாணப் பத்திரிகையில் இடம் உண்டு, கோயிலில் பரிவட்டம் உண்டு, இழவு வீட்டில் உட்கார நாற்காலி உண்டு. அடுத்தடுத்துப் பிறந்தவர்களுக்கு ‘இன்னார் தம்பி’ என்பதே பெயர், அந்த இன்னாருக்கு மூன்று தம்பிகள் இருந்தால் மூன்று பேருக்கும் அதே பெயர், கூப்பிட்டால் மூவரும் திரும்பிப் பார்ப்பார்கள், யார் பக்கத்தில் நிற்கிறானோ அவன் போய் வேலையை முடித்துவிட்டு வருவான். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் வருத்தமா என்று கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நானும் ஒருவருடைய தம்பிதான் என்பதால் என் பெயரைச் சொல்லிக் கதையைத் தாமதப்படுத்தப் போவதில்லை.

ஊரிலேயே பெரிய வீடு வீரணன் வீடு. அவர் மூத்தவர், ஆகவே அவருக்கு வேலை இல்லை. வேட்டி கசங்காமல் உட்கார்ந்து, வந்தவர்கள் கேட்பதற்கெல்லாம் ‘பாப்போம்’ என்று சொல்வதே அவர் பாடு. அடுத்தவர் சோலைமலை, வயல், மாடு, டிராக்டர், மோட்டார் ரூம் எல்லாம் அவர் தலையில், வாயைத் திறந்தால் ‘சரிண்ணே’ என்பதைத் தவிர வேறு சொல் வராது. கடைசியாகப் பிறந்தவர் அழகர்சாமி, குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். அவருடைய மனைவி வள்ளிக்கண்ணு டவுனில் கம்ப்யூட்டர் டிசைனிங் படித்தவள், கல்யாண ஆல்பமும் ஃப்ளெக்ஸ் போர்டும் வடிவமைப்பதில் கெட்டிக்காரி, தாலி கட்டியவரோடு சேர்ந்தாற்போல ஒரு தீபாவளிகூடப் பார்க்காதவள். அவர்கள் இரண்டு பேரும் போனிலேயே ஒரு திட்டம் போட்டிருந்தார்கள்: வீட்டு முன்னறையில் அவள் கடை வைப்பது, கடை ஓடினால் அவர் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் ஊர் திரும்பிவிடுவது, ஓடாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் அந்த வெயிலிலேயே கிடப்பது. அதற்காக அவர் வியர்வையில் வாங்கி அனுப்பியதுதான் அந்தக் கம்ப்யூட்டர். அதன் செயலிக்குள் நான்கு கோர் இருந்தது, அதாவது ஒரே மண்டைக்குள் நான்கு மூளை, நான்கும் சேர்ந்து உழைத்தால் பெரிய ஆல்பம்கூடப் பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுக்க டவுனிலிருந்து ஜெபராஜ் என்ற மெக்கானிக் வந்தார். முதல் க்ளிக் பெரியவர் கையால்தான் என்று வீட்டில் முடிவாகி, வீரணனுக்கு மாலை போட்டு, மவுஸுக்குச் சந்தனம் வைத்து, ஊரே வாசலில் நின்றது. ஜெபராஜுக்குத் தன் சரக்கின் பெருமையைக் காட்ட வேண்டும் என்று ஆசை. கம்ப்யூட்டர் எழும்போது எத்தனை கோர் வேலைக்கு வரவேண்டும் என்று கேட்கும் ஒரு பெட்டியைத் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகக் காட்டி, எதையும் தொட வேண்டாம், சும்மா பாருங்கள் என்று சொல்வதற்குள், சும்மா பார்க்கச் சொல்லி யாரும் மாலை போடுவதில்லை என்று அறிந்த வீரணன் ‘ஒன்று’ என்பதில் விரலை அமுக்கினார், அடுத்து வந்த ‘சரி’ என்பதிலும் அமுக்கினார்.

“மொத ஆளு இருந்தாப் போதும்ப்பா. மத்ததெல்லாம் அவன் பின்னாடி தானா வரும்” என்றார்.

வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஜெபராஜ் கையில் கேசரித் தட்டு இருந்தது. பெரியவர் வைத்த விரலை அவர் கண் முன்னாலேயே எடுத்துவிடும் தைரியம் கேசரி தின்கிற யாருக்கும் வராது என்பதால், அவரும் சேர்ந்து தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் நகர்ந்தது, ஓடவில்லை. வள்ளிக்கண்ணு ஒரு போட்டோவைத் திறந்துவிட்டுப் போய் உலை வைத்து, சோறு வடித்து, குழம்பைத் தாளித்து இறக்கிவிட்டு வந்தால் அப்போதுதான் மாப்பிள்ளையின் நெற்றி தெரிந்திருக்கும். முதலில் வந்த ஆல்பம் மேலத்தெரு கல்யாணப் பெண்ணுடையது. அது முடிந்து அந்தப் பெண் கையில் கிடைத்தபோது அவளுக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. வீடியோ காலில் அழகர்சாமி, “பெட்டி மேல நாலுன்னுதான போட்டுருக்கு வள்ளி, நல்லாப் பாரு” என்பார், அவள் திரையில் ஓடும் ஒற்றைக் கோட்டைக் காட்டி, “இங்க ஒண்ணுதாங்க தெரியுது” என்பாள்.

எண்ணப்படாத மூன்று கோர்களும் எத்தனை காலம்தான் சும்மா கிடக்கும். உழைக்கவென்றே செய்யப்பட்டவை அவை. சம்பளம் கேட்கவில்லை, சாமரம் கேட்கவில்லை, வேலை மட்டும் கேட்டன, அதுவும் கிடைக்கவில்லை. ஆகவே ஒரு பகலில், வள்ளிக்கண்ணு டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது, பெட்டியின் பின்பக்க மின்விசிறித் துவாரம் வழியாக மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, வெதுவெதுப்பாக அவள் முழங்கையை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போயின. வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த சோலைமலை காலை மடக்கி வழிவிட்டு, “எங்க கெளம்பிட்டீக?” என்று விசாரித்தார். பதில் வரவில்லை. வீட்டில் தனக்கும் யாரும் பதில் சொல்வதில்லை என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கயிற்றைத் திரித்தார்.

ஒன்று மாவு மில்லுக்குப் போனது. அதன்பிறகு அந்த மில்லில் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரிசியைக் கொட்டினால் இது இடியாப்பத்துக்கு, இது புட்டுக்கு, இது கோலத்துக்கு என்று மில்லே தெரிந்துகொண்டு பதமாக அரைத்தது, ரேஷன் கோதுமையில் கிடந்த கல்லை மட்டும் தனியாக, கழுவித் துடைத்தது போல, ஓரமாகத் துப்பியது. இன்னொன்று முக்குக் கடை டீ பாய்லருக்குள் போய் உட்கார்ந்தது. அங்கே யாருக்கு எத்தனை சர்க்கரை என்பதை அது தீர்மானித்தது. வீட்டில் சர்க்கரை வியாதியை மறைத்துவிட்டுக் கடையில் ‘நல்லாத் தூக்கலா’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெறும் கசப்பு டீ வந்தது, யாருக்கு வியாதி என்று ஊருக்கே தெரிந்துபோனது, இரண்டு சம்பந்தங்கள் நின்றன. மூன்றாவது கோயிலுக்குப் போய், பட்டனைத் தட்டினால் மேளமும் மணியும் தானாக முழங்கும் மின்முரசுக்குள் புகுந்துகொண்டது. கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த முரசு தானே அடித்து முழங்கும், பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்வார்கள், கடைசிக் குடம் நிறையும்போது விளக்கு அணையும்.

ஊர் இதையெல்லாம் நல்ல மழை பெய்ததைப் போல ஏற்றுக்கொண்டது. எங்கிருந்து வந்தது, யார் அனுப்பியது என்று கேள்வி எழுந்ததா என்றால் எழுந்தது, எழுந்த வேகத்திலேயே பதிலும் கிடைத்துவிட்டது: வீரணன் கை வைத்த ராசி. அவர் கம்ப்யூட்டரைத் தொட்டார், அதற்கு அப்புறம்தானே இதெல்லாம் நடக்கிறது, வேறென்ன அத்தாட்சி வேண்டும். கோயிலில் அவருக்குக் கட்டும் பரிவட்டத்தை இன்னும் இரண்டு சுற்று கூட்டினார்கள், அதில் காது மூடிக்கொண்டதால் பூசாரி சொன்ன எதுவும் அவருக்குக் கேட்கவில்லை, அதனால் ஒரு குறையும் வரவில்லை. மில்லில் அவர் படம் மாட்டினார்கள், டீக்கடையில் அவர் படம் மாட்டினார்கள். டவுனில் ஒரு கல்லூரிக்காரர்கள் கம்ப்யூட்டர் துறை விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்துப்போனார்கள், அவர் மேடையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கம்ப்யூட்டர்ங்கிறது ஒரு குடும்பம் மாதிரி. ஒருத்தன் பேச்சக் கேட்டாத்தான் உருப்படும்” என்று முழங்க, பேராசிரியர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள் என்று அவருடன் போன கார் டிரைவர் வந்து சொன்னான்.

முன்னறையில் வள்ளிக்கண்ணு ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவைத்தில் முதலாளி கேட்க ஆரம்பித்துவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் அழகர்சாமி இருக்கிறேன் என்றோ போகிறேன் என்றோ சொல்லியாக வேண்டும். “கட ஓடலைன்னா நான் வந்து என்னத்த வள்ளி செய்ய? அண்ணன் வீட்டுல இன்னொரு தம்பியா ஒக்காந்திருக்கவா?” என்று அவர் கேட்டார். மறுநாளே டவுனுக்குப் போய் ஜெபராஜைக் கையோடு கூட்டி வந்தாள்.

ஜெபராஜ் பெட்டியைக் கழற்றவில்லை, திருகாணியைத் தொடவில்லை. அன்று எத்தனை கோர் என்று கேட்ட அதே பெட்டியைத் திரையில் திறந்தார். வீரணன் அமுக்கிய ‘ஒன்று’ டிக்கோடு அப்படியே இருந்தது.

“அக்கா, கெட்டது ஒண்ணுமில்ல. இந்த டிக்க எடுத்துட்டா நாலையும் அது கண்டுக்கும். அன்னைக்கே எடுத்துருக்கணும்.”

“அப்ப எடுங்க.”

ஜெபராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “பெரியவர் வச்சதாச்சேக்கா. நான் எங்க டவுன்ல வேணா எடுக்குறேன். இங்க வேணாம்.”

அவளே எடுத்தாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது, திரையில் நான்கு கட்டங்கள் வந்தன, ஆனால் ஒரு கட்டத்தில் மட்டும் கோடு மூச்சிரைக்க ஏறி இறங்க, மற்ற மூன்றிலும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. நான்கு இலை போட்டிருந்தது, சாப்பிட ஒருவர்தான் வந்திருந்தார். ஜெபராஜ் பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்து, “ஆளு வெளிய போயிருக்காங்கக்கா” என்றார். இப்படி நான்கைந்து ஊரில் பார்த்திருப்பதாகவும், திரும்பி வரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டு, இந்தத் தடவை கேசரி தின்னாமலேயே பஸ் ஏறினார்.

வள்ளிக்கண்ணு கேட்கப் போனாள். மில்லுக்குப் போனால் மில்காரர் கதவுக்குக் குறுக்கே நின்றார், டீக்கடைக்குப் போனால் கடைக்காரர் பாய்லரைத் துண்டால் மூடினார், கோயிலுக்குப் போனால் பூசாரி, சாமி சொத்தில் கை வைக்கலாமா தாயி என்றார். அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. பெரியவர் வைத்த டிக்கைத் தம்பி பெண்டாட்டி எடுத்துவிட்டாள். அத்தோடு ஊரின் டீயையும் மாவையும் தண்ணீரையும் பிடுங்கப் பார்க்கிறாள். அன்று சாயங்காலமே சமுதாயக் கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

வீரணன் நடுவில் உட்கார்ந்திருந்தார். வள்ளிக்கண்ணு வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

“ஏத்தா, என்ன கொறச்சல் ஒனக்கு? எதுக்கு அதுல கை வச்ச?”

“அத்தான், அதுக்குள்ள மொத்தம் நாலு. மூணு வெளிய போய் ஊருக்கு ஒழைக்குது. அது திரும்பி வந்தாத்தான் என் கட ஓடும். கட ஓடினாத்தான் ஒங்க தம்பி ஊருக்கு வருவாக.”

“எந்தத் தம்பி?”

“கடைசித் தம்பி அத்தான். அழகர்சாமி.”

வீரணன் யோசித்தார். பக்கத்தில் நின்ற சோலைமலையைத் திரும்பிப் பார்த்தார். “அவன் வெளியூர்லயா இருக்கான்?”

“சரிண்ணே” என்றார் சோலைமலை, பழக்கத்தில்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எங்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் அது தெரியவந்தது. அழகர்சாமியைத் தெருவில் அடிக்கடி பார்த்ததாகச் சிலர் சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தார்கள். அவர்கள் பார்த்தது சோலைமலையை. நானும் அழகர்சாமியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், அதை எழுந்து சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் என் அண்ணன் முன்வரிசையில் இருந்தார், எங்கள் வீட்டுக்கு உண்டான பேச்சை அவர் பேசி முடித்திருந்தார்.

தீர்ப்புக்கு நேரம் ஆகவில்லை. ஒரு புருஷன் ஒரு பெண்ணுக்கு, டீ ஊருக்கே. ஒருத்திக்காக ஊரைக் காயப்போட முடியாது. டிக்கை இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது, அதையும் பெரியவர் கையாலேயே, நாளைக் காலை நல்ல நேரத்தில், மேளத்தோடு. மேளம் அடிக்க ஆள் தேட வேண்டாம், மின்முரசு இருக்கிறது என்று பூசாரி நினைவுபடுத்தினார், எல்லோருக்கும் நிம்மதி.

வள்ளிக்கண்ணு காலையில் நல்ல நேரத்துக்குக் கொஞ்சம் முந்தியே கம்ப்யூட்டரை அது வந்த அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, இரண்டு புடவையும் தாலிக்கயிறுமாகக் கிளம்பி வாசலுக்கு வந்தாள். பக்கத்தில் நின்றது சோலைமலை. பக்கத்தில் நிற்பவன் வேலையைச் செய்வது எங்கள் ஊர் வழக்கம், அதனால் அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தார், எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, பெட்டியைச் சீட்டில் வைத்தபிறகு, “ஏத்தா, அவன் பேரு அழகர்சாமிதான. நானும் கூப்புட்டு ரொம்ப நாளாச்சு” என்று மட்டும் சொன்னார்.

பஸ் நின்ற இடம் கோயிலுக்கும் டீக்கடைக்கும் மில்லுக்கும் நடுவில். டிரைவர் இன்ஜினைப் போட்டார். வள்ளிக்கண்ணு ஜன்னலைத் திறந்துவைத்து, தலையை வெளியே நீட்டி, அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரலில், “நான் போறேன். வர்றதுன்னா வாங்க. நாலுன்னுதான் வச்சிருக்கேன்” என்றாள். மில்லின் பெல்ட் பாதி அரைப்பில் நின்றது, பாய்லரின் சீழ்க்கை அடங்கியது, பெரியவரின் நல்ல நேரத்துக்காக முழங்கத் தொடங்கியிருந்த முரசு ஒரு அடியை ஓங்கிய கையோடு நிறுத்திக்கொண்டது. ஜன்னல் வழியாக வெதுவெதுப்பு மூன்று முறை உள்ளே வந்தது.

வெளியூர்க்காரரான கண்டக்டர் கிட்டே வந்து சீட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “எத்தன பேரும்மா?”

“எனக்கு ஒண்ணு. இவுகளுக்கு மூணு.”

அவர் மறுபேச்சில்லாமல் நான்கு டிக்கெட் கிழித்தார், பெட்டிக்குத் தனியாக லக்கேஜ் போட்டார், கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார்.

டவுனில் ஜெபராஜ் கடைக்கு மாடியில் அவள் கடை திறந்தாள். பெட்டியைப் பிரித்துக் கம்ப்யூட்டரைப் போட்டதுமே நான்கு கோடும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எகிறின. முதல் வாரத்திலேயே நாலு ஊர்க் கல்யாணம் அவள் படிக்கட்டில் வரிசையில் நின்றது. மாதக் கடைசிக்கு முன்னால் அழகர்சாமி முதலாளியிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அந்தத் தீபாவளியை அவர்கள் கடை மாடியிலேயே கொண்டாடினார்கள். நினைத்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

முத்தலாங்குடியில் மாவு கரகரத்தது, தொட்டி காய்ந்தது, சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் பாயசம் வைத்துக் கொண்டாடினார்கள். மூன்று கோர்களும் எங்கே என்று கேட்டவர்களுக்கு, பெரியவர்தான் அதுகளை நாட்டின் நன்மைக்காக வெளியே அனுப்பியிருக்கிறார் என்று பதில் தயாராக இருந்தது. பரிவட்டத்தில் இன்னொரு சுற்று கூடியது.

அப்புறம் வீரணனுக்கு மணிவிழா வந்தது. அதற்கு ஃப்ளெக்ஸ் அடிக்க எங்கள் ஊரிலிருந்து ஒரு போட்டோ வள்ளிக்கண்ணுவின் போனுக்கு வந்தது, அவர் ஒருவர் மட்டும் இருக்கும் போட்டோ. அவள் பழைய படங்களைத் தேடி எடுத்து, வீரணனை நடுவில் வைத்து, ஒரு பக்கம் சோலைமலையையும் மறுபக்கம் அழகர்சாமியையும் அதே அளவில் வைத்து, மூன்று பேருக்கும் கீழே மூன்று பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போட்டு, பால் பொங்குவதற்குள் முடித்தாள். அழகர்சாமியே அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். ஏணியில் ஏறி அவர் கட்ட, சோலைமலை கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள, வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு அந்த ஃப்ளெக்ஸ் விரிந்தது. யானை உயரத்தில் மூன்று முகம்.

ஊரே கூடி அண்ணாந்து பார்த்தது. நல்லா வந்திருக்கு, பெரியவர் அசலா நிற்கிறார், அந்த மீசையைப் பாரு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வீரணன் பட்டு வேட்டியோடு வந்து கையை நெற்றிக்குக் கொடுத்து நீண்ட நேரம் பார்த்தார், முகத்தில் திருப்தி இருந்தது, ஒரு சின்னக் குறையும் இருந்தது.

“எல்லாம் சரி. ரெண்டு பக்கமும் எதுக்குப்பா இம்புட்டு எடத்தச் சும்மா விட்டுருக்கு?”

ஆமாம், அதைத்தான் நாங்களும் யோசித்தோம் என்றது கூட்டம். வெற்றிடமாகப் போய்விட்டதே, வாழைமரமாவது போட்டிருக்கலாம் என்றார் பூசாரி. ஏணி மேலிருந்த அழகர்சாமி கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு இறங்கினார். சோலைமலை மட்டும் ஏணியை விடாமல், வாயைத் திறந்தபடி, இடது பக்கத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக உதட்டால் கூட்டிப் படித்தார். யாரோ ‘வீரணன் தம்பி’ என்று கூப்பிட்டார்கள், பந்திக்கு இலை போட வேண்டுமாம். அவர் திரும்பவில்லை.

“ஏன்டா அழகரு” என்றார், மெதுவாக. “ஒங்க ஊருக்கு அடுத்த பஸ்ஸு எப்ப?”